கேட்டவர்களுக்கு ஒரு பந்து

சிகாகோவின் பேஸ்பால் மைதானமான ரிக்லி ஃபீல்டில் ஒரு வழக்கம். வெளியூர் அணிக்காரர் ஹோம் ரன் அடித்துப் பந்து காலரிக்குள் வந்து விழுந்தால், பிடித்தவர் அதை மைதானத்துக்குள்ளேயே திருப்பி எறிந்துவிட வேண்டும். சட்டம் ஒன்றும் கிடையாது. சுற்றியிருப்பவர்கள் விடமாட்டார்கள், அவ்வளவுதான்.

நான் இருக்கும் செயின்ட் லூயிஸிலிருந்து அங்கே போக 300 மைல். வழியெல்லாம் சோளக்காடு. போகப் போக, பெட்ரோல் பங்குகளில் எங்கள் அணியான கார்டினல்ஸின் சிவப்புத் தொப்பி குறைந்து சிகாகோ அணியான கப்ஸின் நீலத் தொப்பி தலைகாட்டும். பிழைக்க வந்த ஊரின் அணி என்பதைத் தவிர என் சிவப்புக்கு வேறு காரணம் இல்லை. ஆனாலும் 1964இல் கப்ஸ்காரர்கள் லூ பிராக் என்ற ஆட்டக்காரரை எங்களிடம் தள்ளிவிட்டதையும், அதே ஆண்டு நாங்கள் உலகத் தொடரை வென்றதையும் கூடவே இருந்து பார்த்தவன் மாதிரி பீற்றிக்கொள்வேன்.

ஒருமுறை அங்கே ஆட்டம் பார்க்கப் போயிருந்தபோது எங்கள் ஆள் அடித்த பந்து, கொடி படர்ந்த செங்கல் சுவரைத் தாண்டி, எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்தவர் கையில் விழுந்தது. அவர் தலையிலும் சிவப்புத் தொப்பி. ஐம்பது வயதிருக்கும். 'எறி, எறி' என்று சத்தம் கிளம்பியது. அவர் சிரித்தார். பெஞ்சுக்கடியில் இருந்த பையின் பக்கம் ஒருதரம் குனிந்தார். நிமிர்ந்து வீசினார். நீலத் தொப்பிகள் கைதட்டின. ஒருவர் அவர் தோளில்கூடத் தட்டினார்.

அவர் ஏன் குனிந்தார் என்பதுதான் என்னைப் போட்டுக் குடைகிறது. விவரம் தெரிந்தவர்கள் பழைய பந்து ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டுதான் இந்த மைதானத்துக்கு வருவார்கள். கூட்டம் கத்தினால் அதை வீசிவிட்டு, நிஜப் பந்தோடு வீடு போய்ச் சேருவார்கள். இவரும் அந்த ரகமா? இல்லை, மடியிலிருந்து சரிந்த கடலைப் பொட்டலத்தை எடுக்கக் குனிந்தாரா? வலது கையில் பந்து இருந்தது, பார்த்தேன். இடது கை பைக்குள் போனதா, பைக்குப் பக்கத்தில் போனதா என்பதைப் பார்க்கவிடாமல் முன்வரிசைத் தோள் ஒன்று மறைத்துவிட்டது.

எப்போதோ படித்தது ஞாபகம் வருகிறது. 1921இல் நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸில் ரூபன் பெர்மன் என்ற ரசிகர் காலரிக்கு வந்த பந்தைப் பிடித்தார். ஊழியர்கள் திருப்பிக் கேட்டார்கள். தராமல் கூட்டத்துக்குள் எறிந்துவிட்டார். வெளியே அனுப்பினார்கள். வழக்குப் போட்டு 100 டாலர் நஷ்டஈடு வாங்கினார். முகத்துக்கு நேரே மாட்டேன் என்றவர் அவர். சிவப்புத் தொப்பிக்காரர் மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கொடுத்தாரா என்றும் தெரியவில்லை.

என் மாமா கருப்புச் சட்டைக்காரர். வெள்ளிக்கிழமை பாட்டி திருநீற்றுத் தட்டோடு வந்தால் தலையைக் கொஞ்சம் தாழ்த்துவார். அவளும் பூசிவிடுவாள். தெருமுனை திரும்பியதும் துடைத்துவிடுவார் என்று பின்னாலேயே போய்ப் பார்த்திருக்கிறேன். துடைக்கவில்லை. கட்சிக் கூட்டத்துக்கும் அப்படியே போனார். "உங்களுக்குத்தான் சாமி கிடையாதே மாமா?" என்று கேட்டதற்கு, "எங்கம்மா இருக்காளேடா" என்றார்.

அந்த வயதுக்கு அந்தப் பதில் போதும். இப்போது போதவில்லை. நெற்றியைக் கொடுத்துவிட்டுக் கொள்கையைப் பத்திரமாக வைத்துக்கொண்டாரா? அப்படியென்றால் பாட்டிக்குக் கிடைத்தது என்ன? மகன் நம்பவில்லை என்று அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ரிக்லிக் கூட்டத்துக்கும் பழைய பந்து வித்தை தெரியும். ஆனால் விழுந்த பந்தை எடுத்து யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. கை ஓங்கி வீசினால் சரி. அவர்களுக்கு வேண்டியது அதுதானோ என்னவோ.

இதோடு விட்டிருந்தால் நிம்மதி. ஆனால் என் மனசு நாளுக்கொரு கட்சி பேசுகிறது. ஆபீஸில் ஒப்புக்குத் தலையாட்டிவிட்டு வரும் நாளில், அந்த மனிதர் பந்தை மாற்றித்தான் இருப்பார், அதுதான் கெட்டிக்காரத்தனம் என்று தோன்றுகிறது. என் மகள் எனக்காக எதையாவது விட்டுக்கொடுத்துவிட்டு, "பரவாயில்லப்பா" என்று சிரிக்கும்போது மட்டும், அது முழுசாக நிஜமாக இருக்க வேண்டுமே என்று கிடந்து தவிக்கிறேன். கொடுக்கும்போது எனக்கென்று கொஞ்சம் ஒதுக்கிக்கொள்ள உரிமை வேண்டும். வாங்கும்போது மிச்சமில்லாமல் வேண்டும். இது நியாயமில்லை என்று புரிகிறது. எந்தப் பக்கத்தை விட்டுக்கொடுப்பது என்றுதான் புரியவில்லை. அவளிடம் கேட்டுப் பார்க்கலாம். அதற்கும் அவள் சிரித்துக்கொண்டே ஒரு பதில் சொல்வாள். அந்தப் பதிலை என்ன செய்வது?