பக்கத்தில் உட்காரும் நேரம்

ஏப்ரல் பிறந்துவிட்டாலே தெருமுனைச் சுவர்களில் கோடைக்கால முகாம் விளம்பரங்கள் வந்துவிடுகின்றன. நீச்சல், அபாகஸ், கையெழுத்து, ரோபாட்டிக்ஸ். பிள்ளை ஆசைப்பட்டுப் போனால் தாராளமாகப் போகட்டும். ஆனால் விடுமுறை முழுக்க அவர்களை எதிலாவது சேர்த்துவிடுவதுதான் பெற்றோரின் கடமை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பள்ளி நாட்களின் ஓட்டத்தில் நமக்கு வாய்க்காத ஒன்று மே மாதத்தில் வாய்க்கிறது. பிள்ளைகள் தாமாகப் பேசும் பேச்சு அது.

கேட்டால் அது வராது. "ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று முகத்துக்கு நேரே கேட்டால், "ஒண்ணுமில்ல" என்பதோடு முடிந்துவிடும். கை ஒரு வேலையில் இருக்க வேண்டும், கண் வேறெங்கோ இருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் அவசரமில்லாமல் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் வாய் திறக்கும்.

எங்கள் வீட்டில் இதற்கு வடகம் போடும் காலைதான் உகந்தது. பச்சரிசி மாவுக் கூழ், பச்சை மிளகாய், சீரகம், உப்பு, ஒரு பழைய வேட்டி. செலவு அவ்வளவுதான். வெயில் ஏறுவதற்குள் மொட்டை மாடியில் பிழிந்து முடித்துவிட வேண்டும். என் அம்மா பிழிய, மகள் வேட்டியின் நுனியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பாதிக் கூழை ருசி பார்த்தபடியே, "அவ ஏன் பாட்டி எங்கூடப் பேசவே மாட்டேங்குறா?" என்றாள். அம்மா கையை நிறுத்தவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "யாருடி கண்ணு?" என்றார். அதன்பின் வரிசை வரிசையாக வடகமும் விழுந்தது, ஒரு வருஷத்து வருத்தமும் வெளியே வந்தது. அம்மா நிமிர்ந்து பார்த்திருந்தால் அவள் அங்கேயே நிறுத்தியிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வீட்டுக்குள்தான். பல்லாங்குழிக்குப் பதினான்கு குழியும் ஒரு கை புளியங்கொட்டையும் போதும். பலகை இல்லையென்றால் சாக்பீஸால் தரையில் வட்டம் போட்டுக்கொள்ளலாம். குழியில் நான்கு சேர்ந்ததும் "பசு!" என்று கத்தி அள்ளும்போது பாட்டியும் பேத்தியும் ஒரே வயதாகிவிடுகிறார்கள்.

இரவில் பாயை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவோம். மே மாதத்தில் எட்டு மணிவாக்கில் வடக்கே சப்தரிஷி மண்டலம் தெரியும். வால் பகுதியின் நடு நட்சத்திரம் வசிஷ்டர். அதை ஒட்டி மங்கலாகத் தெரிவது, கல்யாணங்களில் பட்டப்பகலில் காட்டுகிறார்களே, அந்த அருந்ததி. வாலின் வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு போனால் ஆரஞ்சு நிறத்தில் சுவாதி, இன்னும் நீட்டினால் நீலம் கலந்த வெண்மையாய்ச் சித்திரை. நகரத்து வெளிச்சத்திலும் சுவாதி தப்பாமல் தெரியும். அதிலிருந்து ஒளி இங்கே வந்து சேரச் சுமார் 37 ஆண்டுகள் ஆகின்றன என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அது கிளம்பினப்ப நீங்க என்னப்பா பண்ணிட்டிருந்தீங்க?" என்றாள். நான் இரண்டாம் வகுப்பில் இருந்தேன். அன்றைக்கு நான் சொன்ன கதைகளை என் மனைவியே அதுவரை கேட்டதில்லை. பேச வைக்க வேண்டியது பிள்ளைகளை மட்டுமல்ல போலும்.

இதற்கெல்லாம் பணம் அதிகம் வேண்டாம், நேரம் வேண்டும். தினக்கூலி வீடுகளில் பணத்தைவிட அரிதானது அதுதான். அந்தப் பிள்ளைகளின் பகல் பொழுதுக்கு ஊர் பொறுப்பேற்க வேண்டும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதனின் முயற்சியால் 1948இல் சென்னை மாகாணத்துக்குப் பொது நூலகச் சட்டம் வந்தது. அதன் வழி வளர்ந்த கிளை நூலகங்களில் யாரும் காசு கொடுக்காமல் உட்கார்ந்து படிக்கலாம். மே மாதம் முழுக்க அவற்றில் பிள்ளைகளுக்கென்று தனி இடமும் குடிநீரும் மின்விசிறியும் இருக்க வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கும் கொஞ்சம் நேரம் கிடைக்கத்தான் செய்கிறது. எங்கள் தெருமுனையில் பூ விற்கும் அக்கா, மாலையில் மகனைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்கிறார். அவன் மல்லிகையை இரண்டிரண்டாக எடுத்து நீட்டுகிறான், அவர் கட்டுகிறார். முழம் போடுகிற நேரம் தவிர அவன் பேச்சு ஓய்வதே இல்லை.