நகப்பூச்சுக் கோடு

"அந்தச் சிவப்பை மட்டும் தின்னர் போட்டுத் துடைச்சிட்டீங்கன்னா நானே எடுத்துக்கிறேண்ணே" என்றார் கரூரிலிருந்து வந்த தம்பி. அவரும் என்னைப் போலப் பழைய இன்டோர் ஆன்டெனா சேர்க்கிறவர். விலையும் நியாயமாகத்தான் கேட்டார். பிறகு பிரியாணி சாப்பிடப் போனோம். பேச்சு வேறெங்கோ போனது. என் மனசு மட்டும் அந்தச் சிவப்பிலேயே நின்றுவிட்டது.

எங்கள் ஊரில் பேகம்பூர்ப் பக்கம் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய ஆன்டெனா அது. பிளாஸ்டிக் அடிக்கட்டை, இழுத்தால் நீளும் இரண்டு கம்பிகள், ஒரு பட்டை ஒயர். இடது கம்பியில் மட்டும், அடியிலிருந்து சுமார் 60 சென்டிமீட்டரில், சிவப்பு நகப்பூச்சால் மெல்லிய கோடு. இதுவரை இழுத்தால் போதும் என்று யாரோ போட்ட அடையாளம்.

கணக்குப்படி ஒவ்வொரு கம்பியும் அலைநீளத்தில் கால்பங்கு இருக்க வேண்டும். 60 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒளிபரப்பு என்றால் 1.25 மீட்டர், 200 பக்கம் என்றால் 37 சென்டிமீட்டர்தான். கோடு இரண்டிலும் சேரவில்லை. அப்படியென்றால் அது அந்த வீட்டுச் சுவரும் பீரோவும் ஜன்னல் கம்பியும் கேட்ட நீளம். நீட்டிப் பார்த்து, குறைத்துப் பார்த்து, ஓரிடத்தில் ஒருவர் நிறுத்தியிருக்கிறார். அப்போதும் படத்தில் புள்ளி இருந்திருக்கும். கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரம் இங்கிருந்து நேர்கோட்டில் 50 கிலோமீட்டருக்கு மேல். வீட்டுக்குள் வைத்த கம்பிக்கு அந்தச் சிக்னல் லேசில் சிக்கியிருக்காது. அந்தப் புள்ளிகளோடு சரி என்று ஒரு மனிதர் முடிவெடுத்து, அதை நகப்பூச்சால் உறுதியும் செய்திருக்கிறார். எனக்கு அது வராது. வீடு, வேலை, பிள்ளையின் படிப்பு எதிலும் இன்னும் கொஞ்சம் திருப்பினால் தெளியும் என்றே கை போகும்.

சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. 2022 வாக்கில் தூர்தர்ஷன் பழைய அனலாக் தரைவழி ஒளிபரப்பைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது.

சின்ன வயதில் நாகல்நகரில் அத்தை வீட்டில் வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்கப் போவோம். பாட்டு தொடங்கும் நேரம் பார்த்துப் படம் ஆடும். அத்தை எழுந்துபோய்க் கம்பியைத் தொட்டால் பளிச்சென்று நிற்கும், விட்டால் போய்விடும். உடம்பும் ஆன்டெனாவின் ஒரு பகுதியாகிவிடுகிறது என்பது பின்னால் தெரிந்தது. அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் "அத்தே, கையை எடுக்காதீங்க!" என்று கத்துவதுதான். டிவியின் பக்கவாட்டில் நின்றவருக்குத் திரை தெரிந்திருக்காது. எங்கள் முகங்கள்தான் தெரிந்திருக்கும்.

துடைப்பது என்றதும் எப்போதோ படித்தது ஒன்று நினைவுக்கு வந்தது, அதுவும் பாதிதான். 1964இல் அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் ஒரு பெரிய கொம்பு ஆன்டெனாவில் ஓயாத இரைச்சலைக் கேட்டார்கள். உள்ளே புறாக்கள் கூடு கட்டியிருந்தன. எச்சத்தையெல்லாம் கழுவித் துடைத்தார்கள்; இரைச்சல் போகவில்லை. அது பிரபஞ்சம் பிறந்த காலத்தின் மிச்சம் என்று பிறகு தெரிந்தது. 1978இல் நோபல் பரிசு. பழைய டிவியின் புள்ளிகளிலும் அதற்குச் சிறு பங்கு உண்டாம். இதை வைத்துக் கரூர்த் தம்பியை மடக்கலாமா என்று யோசித்தேன். முடியாது. புறா எச்சம் எச்சம்தானே. என் கோடும், நகப்பூச்சுப் பாட்டிலைத் திறந்த ஒரு குழந்தை கம்பியில் இழுத்த வெறும் கோடாக இருக்கலாம்.

போன மாதம் அத்தையிடமே கேட்டுவிட்டேன், அத்தனை வெள்ளிக்கிழமையும் பாட்டைப் பார்க்காமல் நின்றது வருத்தமாக இல்லையா என்று. "நானா? நான் எங்கடா நின்னேன்? உங்க மாமால்ல பிடிச்சுக்கிட்டு நிப்பாரு. நான் முன்னால உக்காந்து எல்லாப் பாட்டும் பாத்தேனே" என்றார். அன்று வந்த பாட்டுகளில் சிலவற்றை வரிசையாகச் சொல்லவும் செய்தார்.

மாமா இப்போது இல்லை. கூட உட்கார்ந்திருந்த சித்தப்பா மகனுக்கு ஆன்டெனாவே ஞாபகமில்லை. இருவரும் மாறி மாறி நின்றிருக்கலாம் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அதுவும் ஊகம்தான்.