உலகோர் ஒப்பியது எல்லாம் நீதியா?

உரோமையின் சட்டம் உரோமைக் குடிமக்களுக்கே உரியது என்பதே அந்நகரின் தொன்மையான கொள்கை. அடிமையையோ எருதையோ கைமாற்ற, ஐந்து சாட்சிகளும் தராசு ஏந்தியவரும் சூழ்ந்து நிற்க, வகுத்த சொற்களை வகுத்தவாறே கூறியாக வேண்டும். வணிகம் பெருகி அயலார் வந்து குழுமியபோது இச்சடங்குகள் போதவில்லை. எனவே கி.மு. 242-ஆம் ஆண்டளவில், அயலார் வழக்குகளுக்கென நீதித் தலைவர் ஒருவரை உரோமையர் ஏற்படுத்தினர். விற்பனை, வாடகை, கூட்டு வணிகம் ஆகியவற்றுக்கு இருவரின் இசைவும் நம்பகமுமே போதும் என்ற நெறி வேரூன்றியது. இதுவே 'யூஸ் ஜென்சியும்', அதாவது மக்களினங்களின் பொதுச் சட்டம்.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் சட்ட அறிஞர் காயுஸ் இதற்கு மெய்யியல் அடித்தளம் இட்டார். மாந்தர் அனைவரிடத்தும் இயற்கை அறிவு நிறுவிய சட்டமே அனைவராலும் ஒருபடித்தாய்க் காக்கப்படுகிறது என்றார். காணாமற்போயிருந்த அவரது நூல் 1816-இல் வெரோனா நகரில் கண்டெடுக்கப்பட்டது. தோல் ஏட்டில் அதனைச் சுரண்டி அழித்து, அதன்மேல் புனித எரோணிமுசின் மடல்களை எழுதியிருந்தனர்!

எத்துணை உயர்ந்த கருத்து! ஆயினும் அதே நூலில், அடிமையின் வாழ்வும் சாவும் ஆண்டான் கையில் என்பதும் பொதுச் சட்டமே என்கிறார் காயுஸ். சான்று யாது? எல்லா மக்களிடமும் அவ்வழக்கம் காணப்படுகிறது என்பதே.

இங்கேதான் நம் வினா எழுகிறது. எல்லாரும் செய்வதால் ஒன்று நீதியாகிவிடுமா? 533-இல் யுஸ்தீனியான் வெளியிட்ட சட்டத் தொகுப்பில் புளோரந்தீனுஸ் என்பார் கூற்று இடம்பெறுகிறது: அடிமைமுறை மக்களினங்களின் சட்டத்தால் அமைந்தது, ஆனால் இயற்கைக்கு மாறானது. உலக வழக்கு வேறு, அறம் வேறு என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் இது. ஒப்புக்கொண்டும் அடிமைகளை அது விடுவிக்கவில்லை.

1539-இல் சாலமான்கா பல்கலைக்கழகத்தில் தோமினிக்கன் சபைத் துறவி வித்தோரியா, அமெரிக்கப் பழங்குடியினரே தம் நிலத்தின் மெய்யான உரிமையாளர் என்று வாதிட்டார். ஆனால் அதே பொதுச் சட்டத்தைக் கொண்டே, அங்குச் செல்லவும் வணிகம் செய்யவும் இசுபானியருக்கு உரிமை உண்டென்றும், அது மறுக்கப்பட்டால் போரும் தொடுக்கலாம் என்றும் கூறினார். இருபுறமும் கூருள்ள வாள் அது.

உலகோரின் இசைவு சான்றாகலாம், நீதிபதி ஆகாது. 'எல்லா மக்களும்' என்று காயுஸ் எண்ணியபோது அடிமைகளை எவரும் கேட்கவில்லை. 1948-இல் உலக மனித உரிமைப் பேரறிக்கை அடிமைமுறையைத் தடை செய்தபோதுதான் அக்கணக்கு ஓரளவு திருந்தியது. 'உலகமே இப்படித்தான்' என்று நாம் அமைதி கொள்ளும் வேளையில், அந்த உலகில் யாரைச் சேர்க்க மறந்தோம் என்று கேட்போமாக.