என் பங்கு அற்பமா?

முற்றத்துப் புல்லுக்கு ஒரு பிடி உரமிடுவது குற்றமா? தனித்து நோக்கின் குற்றமன்று. ஆயினும் ஆயிரம் முற்றங்களின் உரம் மழைநீரோடு கடல் சேர்ந்தால், பாசி பெருகி ஒளியை மறைக்கும். அடியிலுள்ள கடற்புல் மடியும். மீன்குஞ்சுகள் புகலிடம் இழக்கும்.

அமெரிக்காவில், ஃபுளோரிடாவின் டாம்பா விரிகுடாவில் முதலில் பெருங்கேடு செய்தது ஊர்ச் சாக்கடை. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் அதைச் செம்மையாகச் சுத்திகரித்தனர். கழிவின் அம்மோனியாவை நுண்ணுயிர்கள் காற்றோட்டமுள்ள தொட்டியில் நைட்ரேட்டாக்கும். காற்றற்ற தொட்டியில் வேறு நுண்ணுயிர்கள் அதை நைட்ரஜன் வாயுவாக்கி ஆகாயத்துக்கே அனுப்பும். நீர் தெளிந்தது, 2014-இல் கடற்புல் 40,000 ஏக்கரைக் கடந்தது. பின்னரோ மீண்டும் குறைந்தது. அடைந்த நன்மையையும் நாள்தோறும் காக்க வேண்டும் அன்றோ?

மழைநீர் சுத்திகரிப்பு ஆலைக்குப் போவதில்லை. ஆகவே அவ்விரிகுடாக் கரையிலுள்ள பினெல்லஸ் கவுண்டியில், ஜூன் முதல் செப்டம்பர் முடிய, புல்தரைக்கு நைட்ரஜன் உரமிடலாகாதென விதித்தனர்.

“என் பங்கு அற்பம்” என்பது உண்மையே. ஆனால் அது விலக்கு ஆகாது. கடலைக் கெடுத்தவை யாவும் அற்பப் பங்குகளே. ஒவ்வொரு முற்றத்திலும் சட்டம் காவல் நிற்க இயலாது. அங்கே மனச்சாட்சியே காவல்.