மெல்லக் கேட்பதற்கு ஒரு பெட்டி

சப்வூஃபர் என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது கல்யாண மண்டபம், திருவிழாப் பந்தல், ஜன்னல் கண்ணாடி அதிரத் தெருவில் போகும் கார். நெஞ்சில் வந்து இடிப்பதற்கென்றே செய்த பொருள் என்று அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், இரண்டு சிறிய ஸ்பீக்கர்களுக்குத் துணையாக, ஓர் அடி உயரம்கூட இல்லாத பெட்டியை மூலையில் வைத்துக் கேட்பவருக்கு அந்தப் பெயர் எவ்வளவு பொருந்தும்? கொஞ்ச நாளாக இதுவே யோசனையாக இருக்கிறது. சத்தத்தைக் கூட்டுவதற்காக அல்ல, குறைத்துக் கேட்பதற்காகவே இந்தச் சின்னப் பெட்டி வேண்டியிருக்கிறது என்று இப்போது படுகிறது.

*

நம் காது எல்லா ஒலிகளையும் சமமாக நடத்துவதில்லை. 1933இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஹார்வி ஃப்ளெட்சரும் வில்டன் மன்சனும் இந்தப் பாரபட்சத்தை அளந்து கோடுகளாக வரைந்தார்கள். 1000 ஹெர்ட்ஸ் ஒலி சில டெசிபெல் இருந்தாலே காதில் விழும். 40 ஹெர்ட்ஸ் ஒலி காதில் விழத் தொடங்கவே சுமார் 50 டெசிபெல் வேண்டும். 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபெல் எவ்வளவு உரக்கத் தோன்றுமோ, அவ்வளவு உரக்கத் தோன்ற 40 ஹெர்ட்ஸ் ஒலி 80 டெசிபெலைத் தாண்ட வேண்டும்.

இதன் விளைவை இரவு பத்து மணிக்கு மேல் பாட்டுக் கேட்கும் எல்லோரும் அறிவார்கள். ஒலியைக் குறைக்கிறோம். ஆம்ப்ளிஃபையர் எல்லாவற்றையும் ஒரே அளவுதான் குறைக்கிறது. குரல் இருக்கிறது, வயலின் இருக்கிறது, ஜால்ரா இருக்கிறது. மிருதங்கத்தின் தொப்பியும் பேஸ் கிட்டாரும் மட்டும் காதின் எல்லைக்கு வெளியே போய்விடுகின்றன. பாட்டு மெலிந்துபோகிறது. அதைச் சரிசெய்ய மறுபடி ஒலியைக் கூட்டுகிறோம். உரக்கக் கேட்பவர்களில் பலர் சத்தத்தில் ஆசை கொண்டவர்கள் அல்லர். காணாமல் போன அந்தக் கீழ்ப்பகுதியைத் தேடுகிறவர்கள்.

பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர்களில் ‘லவுட்னஸ்’ என்றொரு பொத்தான் இருந்தது. குறைந்த ஒலியில் அது பேஸை ஏற்றித் தரும். நல்ல எண்ணத்தில் வைத்த பொத்தான்தான். ஆனால் நான்கங்குலக் கோன் கொண்ட ஸ்பீக்கரிடம் 40 ஹெர்ட்ஸை ஏற்றிக் கேட்டால் அது தராது, அதனிடம் இல்லை.

*

ஏன் இல்லை? ஒலி என்பது காற்றை அசைப்பது. சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும்போது, அதே அழுத்தத்தைத் தர, கோன் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். கை விசிறியை மெதுவாக வீசினால் அகலமாக வீச வேண்டியிருப்பதுபோல. 80 ஹெர்ட்ஸில் அரை மில்லிமீட்டர் அசைந்த கோன், 40இல் இரண்டு மில்லிமீட்டரும் 20இல் எட்டு மில்லிமீட்டரும் அசைய வேண்டும். கோன் சிறியதானால் அந்தத் தூரம் இன்னும் கூடும்.

பெட்டிக்குள் அடைபட்ட காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. எட்கர் வில்ச்சரும் ஹென்றி க்ளாஸும் 1954இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரத்தில் தொடங்கிய அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம், ஏஆர்-1 என்ற ஸ்பீக்கரில் அந்தக் காற்றையே கோனுக்கு ஸ்பிரிங்காக ஆக்கியது. அலமாரி அளவுப் பெட்டிகள் செய்துவந்த வேலையை மேசைமேல் வைக்கும் பெட்டி செய்தது. பெட்டி சிறுக்கச் சிறுக்க அந்த ஸ்பிரிங் விறைக்கும். கோனை அசைக்க இன்னும் வலு தேவைப்படும்.

க்ளாஸ் பிறகு நண்பர்களோடு சேர்ந்து கேஎல்ஹெச் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்தப் பெயரின் கடைசி எழுத்துக்கு உரியவர் ஜோசஃப் ஆண்டன் ஹாஃப்மன், புகழ்பெற்ற பியானோ கலைஞர் ஜோசஃப் ஹாஃப்மனின் மகன். ஸ்பீக்கர் செய்கிறவர்கள் இன்றும் ‘ஹாஃப்மனின் இரும்பு விதி’ என்று அவர் பெயரால் ஒன்றைச் சொல்கிறார்கள். சிறிய பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த மின்திறனில் நிறைந்த ஒலி: மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம், மூன்றாவதை விட வேண்டும். பேரம் பேசி இந்த விதியைத் தளர்த்த முடியாது.

*

இன்றைய சின்ன ஆக்டிவ் சப்வூஃபர்கள் மூன்றாவதை விட்டவை. வாட் கணக்கில் தாராளமாகச் செலவு செய்து சிறிய உருவத்தை வாங்கியிருக்கின்றன. ஆம்ப்ளிஃபையர் வடிவமைப்பாளர் பாப் கார்வர் 1990களின் நடுவில் தன் சன்ஃபயர் நிறுவனத்தின் பெயரில் பதினோரு அங்குலக் கனசதுரம் ஒன்றைக் கொண்டுவந்து, அதற்குள் 2,700 வாட் ஆம்ப்ளிஃபையர் இருப்பதாக அறிவித்தார். அன்றைக்கு அது வேடிக்கைபோலப் பட்டிருக்கும். 2021இல் கெஃப் நிறுவனத்தின் கேசி62 வந்தது. ஒவ்வொரு பக்கமும் சுமார் 25 சென்டிமீட்டர். உள்ளே ஆறரை அங்குலக் கோன்கள் இரண்டு, எதிரெதிர்த் திசை பார்த்தபடி. இரண்டுக்கும் சேர்த்து 1000 வாட் கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபையர்.

இரண்டு கோன்களும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளி, ஒரே நேரத்தில் உள்ளே வாங்குகின்றன. ஒன்றின் உதைப்பை மற்றது சமன்செய்துவிடுவதால் பெட்டி அசையாமல் நிற்கிறது. இவ்வளவு சிறிய பெட்டியில் அப்படிச் செய்யாவிட்டால், ஆழ்ந்த பேஸ் வரும்போது பெட்டியே தரையில் நகரப் பார்க்கும். கோன் தன் எல்லையைத் தாண்டாதபடி உள்ளே ஒரு சிப் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஒலி கூடினால் அது முதலில் அடியாழத்தைத்தான் வெட்டும். ‘11 ஹெர்ட்ஸ் வரை இறங்கும்’ என்று கையேட்டில் இருப்பது பொய்யல்ல. எல்லா ஒலி அளவிலும் இறங்கும் என்று அது சொல்லவில்லை. குறைத்துக் கேட்கும்போதுதான் அந்தப் பெட்டி தன் வாக்கை முழுதாகக் காப்பாற்றுகிறது.

*

மூளை நிரப்பிக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. பேஸ் கிட்டாரின் கீழ்த் தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். இளையராஜாவின் பாடல்களில் தனி மெட்டாக ஓடும் பேஸ் வரிகளை எண்பதுகளில் பலர் கேட்டது டிரான்சிஸ்டரிலும் மோனோ டேப் ரிக்கார்டரிலும். அவற்றின் ஸ்பீக்கர்கள் 41 ஹெர்ட்ஸை எழுப்பியிருக்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் அந்த வரிகள் மனப்பாடம். 82, 123 என்று மேலே வரும் துணைச் சுருதிகளைக் கேட்டு, அவற்றுக்கு அடியில் இருக்க வேண்டிய ஆதாரச் சுருதியை மூளை தானே ஊகித்துக்கொள்கிறது.

அப்படியானால் பெட்டி எதற்கு? சுருதியை மூளை தந்துவிடும். அதன் கனத்தைத் தராது. டிரான்சிஸ்டரில் அந்த வரி தெரிந்தது. நல்ல சப்வூஃபரோடு அதன் உடம்பும் வருகிறது.

*

20 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 17 மீட்டருக்கு மேல். நம் அறையோ அதன் கால்பங்குகூட இல்லை. அதைவிடக் குறுகிய பேஸ் அலைகள் எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே போய்வந்து, சில இடங்களில் குவிகின்றன, சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பன்னிரண்டடி நீளத்துக்குச் சுமார் 48 ஹெர்ட்ஸ், பத்தடி அகலத்துக்குச் சுமார் 57. அந்தச் சுருதிகள் வரும்போது அறையே பாடத் தொடங்கும். நம் செங்கல், கான்கிரீட் சுவர்கள் பேஸை விழுங்குவதுமில்லை, எளிதில் வெளியே விடுவதுமில்லை. மரச்சட்ட வீடுகளைவிட இங்கே இந்த உறுமல் கூடுதல்.

இதில் நமக்குச் சாதகமான பக்கமும் உண்டு. அந்த 48 ஹெர்ட்ஸுக்குக் கீழே அலை ஓட இடமில்லை. அறைக் காற்று மொத்தமாக அழுந்தித் தளர்கிறது. கதவு ஜன்னல் சாத்திய சிறிய அறை, சிறிய பெட்டிக்கு அங்கே தோள் கொடுக்கிறது. கூடத்தில் மூச்சு வாங்கும் பெட்டி, படுக்கையறையில் நிதானமாகப் பேசுவது இதனால்தான்.

பெட்டிக்கு இடம் தேட ஒரு பழைய வழி இருக்கிறது. நாம் உட்காரும் இடத்தில் பெட்டியை வைத்து, பேஸ் வரி ஏறி இறங்கும் பாட்டு ஒன்றை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்துபோய்க் கேட்க வேண்டும். எந்த இடத்தில் எல்லாச் சுருதியும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கிறதோ, அங்கே பெட்டியை வைக்கலாம். மூலையில் வைத்தால் சத்தம் கூடும். எல்லாச் சுருதிக்கும் ஒரே அளவில் கூடாது.

*

சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி வரும் திசை அவ்வளவாகத் தெரியாது. பெட்டி ஓரத்தில் இருந்தாலும் மிருதங்கம் நடுவில் இருப்பதாகவே தோன்றும். ஸ்பீக்கர்களுக்கும் பெட்டிக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் எல்லையான கிராஸ்ஓவரை 100 ஹெர்ட்ஸுக்கு மேலே ஏற்றினால் ஆண் குரலின் அடிப்பகுதி பெட்டிக்குள் போய்விடும். பாடகரின் ஒரு பாதி மூலையிலிருந்து பாடுவார். திணறும் பெட்டியும் தன்னைக் காட்டிக்கொடுக்கும். கோன் எல்லையைத் தொடும்போது எழும் பிசிறு மேல் சுருதிகளில் விழுகிறது, அவற்றுக்குத் திசை உண்டு.

*

சின்னத் தொல்லைகள். பல பெட்டிகளில் ‘ஆட்டோ’ என்றொரு நிலை உண்டு. சிக்னல் வந்தால் விழிக்கும், இல்லாவிட்டால் தூங்கும். மெல்லக் கேட்பவரின் சிக்னல் அதற்குப் போதாது. ஆலாபனையில் மிருதங்கம் சும்மா இருக்கும்போது தூங்கிவிட்டு, கீர்த்தனை தொடங்கிச் சற்று நேரம் கழித்து விழிக்கும். ‘ஆன்’ நிலையிலேயே விட்டுவிடுவது நல்லது. இன்னொன்று, எர்த் கோளாறால் வரும் ஹம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அது இந்தப் பெட்டிக்குச் சொந்த இடம் என்பதால் சின்ன ஸ்பீக்கரில் கேட்காத ஹம் இதில் கேட்கும். ஆம்ப்ளிஃபையரையும் பெட்டியையும் ஒரே பிளக் பலகையில் இணைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

*

அடுக்குமாடியில் சுவர் எல்லா ஒலியையும் ஒரே மாதிரி தடுப்பதில்லை. பொதுவாக, ஒரு ஸ்தாயி இறங்கினால் தடுப்பு ஆறு டெசிபெல் குறையும். பக்கத்து வீட்டுக்குப் பாடகியின் குரல் போகாது, தாளம் போகும். இன்னொருவரின் பாட்டிலிருந்து தாளத்தை மட்டும் கேட்பது தண்டனை. ஆனால் காதின் கோடு அவர்களுக்கும் உண்டு. நம் அறையில் கேட்கும் எல்லைக்குச் சற்று மேலே நிற்கும் பேஸ், சுவரைத் தாண்டும்போது அந்த எல்லைக்குக் கீழே போய்விடும். மெல்லக் கேட்பவர் வீட்டுச் சப்வூஃபரால் சண்டை வருவது அரிது.

*

கடையில் இந்தப் பெட்டிகளை உரக்கப் போட்டுக் காட்டுவார்கள். ஏதாவது படத்தில் வரும் வெடிப்பு, ஹெலிகாப்டர். எந்தப் பெட்டியும் அங்கே கொஞ்சம் பிரமிக்க வைக்கும். நம் அறையில் நடக்கப்போவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. வாட் கணக்கையும் விட்டுவிடலாம். அது பெட்டி சிறுத்ததற்குக் கொடுத்த விலை, நமக்குக் கிடைக்கும் இசையின் அளவு அல்ல. வழக்கமாகக் கேட்கும் பாட்டு ஒன்றைப் போடச் சொல்லி, பேச்சுக் குரலுக்குக் கீழே ஒலியைக் குறைக்கச் சொல்ல வேண்டும். அந்த அளவில் மிருதங்கத்தின் தொப்பிக்கு உடம்பு இருந்தால், பேஸ் வரியின் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக நின்றால், அது வாங்கத்தக்க பெட்டி. குறைக்கச் சொன்னதைக் கேட்டுக் கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தால், பார்த்துவிட்டுப் போகட்டும்.