தலையெழுத்தும் தலைக்கவசமும்

ஒவ்வோர் உயிரின் வாழ்நாளையும் அது நுகரவேண்டிய இன்ப துன்பங்களையும் பிரமன் அதன் தலையில் எழுதியே அனுப்புகிறான் என்னும் நம்பிக்கை தமிழ் மக்களிடையே ஆழ வேரூன்றியது. மண்டையோட்டின் எலும்புகள் ஒன்றோடொன்று பொருந்தும் நெளிந்த கோடுகளையே அவ்வெழுத்தின் வரிகளாகக் காட்டுவோரும் உண்டு. இருசக்கர வாகனத்தில் செல்வோர் தலைக்கவசத்தை மறுக்கும்போது கூறும் காரணங்களுள், வெயில், வியர்வை, முடி உதிர்தல் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக இந்தத் தலையெழுத்தே அடிக்கடி வந்து நிற்கிறது. சாவு வருகிற நேரத்தில் வந்தே தீரும், எழுதியதைக் கவசமா அழிக்கப்போகிறது என்பது அவர்கள் வாதம். இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிடுவது எளிது. ஆயினும் இதனுள் பொதிந்திருப்பது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மெய்யியலார் எதிர்கொண்டுவரும் வினா ஆதலால், அதற்குரிய மதிப்பை அளித்தே விடை காண வேண்டும்.

நிகழ்வன யாவும் முன்னரே முடிவானவை, மாந்தர் முயற்சியால் அவற்றுள் ஒன்றும் மாறாது என்னும் கொள்கையை ஒளிவுமறைவின்றி முன்வைத்தவர்கள் ஆசீவகர். மாற்றவியலாத அந்த ஒழுங்கை அவர்கள் நியதி என்றனர். புத்தரும் மகாவீரரும் வாழ்ந்த காலத்தவரான மற்கலி கோசாலர் இச்சமயத்தின் பேராசானாக அறியப்படுகிறார். தமிழில் மணிமேகலையும் நீலகேசியும் இக்கொள்கையை எடுத்துப் பேசுகின்றன. சமணர்களின் அங்க நூல்களுள் ஒன்றான உவாசகதசாவில், ஆசீவக நெறியைப் பின்பற்றிய சத்தாலபுத்தன் என்னும் குயவனின் கதை வருகிறது. பாண்டங்களை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்த அவனிடம், இவை முயற்சியால் ஆயினவா முயற்சியின்றி ஆயினவா என்று மகாவீரர் வினவ, முயற்சி என்று ஒன்றில்லை, எல்லாம் நியதியே என்று அவன் விடையிறுத்தான். அவ்வாறாயின் எவனேனும் இப்பாண்டங்களைத் திருடினாலோ உடைத்தாலோ என்ன செய்வாய் என்று அவர் மீண்டும் கேட்டபோது, அவனை வைவேன், அடிப்பேன் என்றான். முயற்சியே இல்லையென்றால் உடைத்தவன் என்று ஒருவனும் இல்லையே, பின் யாரை அடிப்பது என்ற கேள்விக்கு அவனால் விடை சொல்ல முடியவில்லை.

குயவனின் தடுமாற்றம் அவனோடு முடிந்துவிடவில்லை. ஊழை நம்புவதாகக் கூறுவோர் எல்லா இடத்திலும் அதை நம்புவதில்லை. தமக்கு வசதியான இடத்தில் மட்டுமே நம்புகின்றனர். தலையெழுத்தின்மேல் பாரத்தைப் போட்டுத் தலைக்கவசத்தை மறுப்பவர், அதே வண்டியை இரவில் பூட்டாமல் தெருவில் விடுவதில்லை. களவு போவதும் எழுத்தில் அடங்கியதே என்று அவர் வாளாவிருப்பதில்லை. வண்டிக்கு ஒரு நியாயமும் தலைக்கு மற்றொரு நியாயமும் வைத்திருப்பது சமய நம்பிக்கை ஆகாது.

ஊழை முழுமையாக ஏற்றுக்கொண்டே இதற்கு விடை தந்தவரும் உண்டு. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஏதென்சில் ஸ்டோயிக் மெய்யியற் பள்ளிக்குத் தலைமை தாங்கிய கிரிசிப்பஸ், உலகில் எல்லாம் காரணச் சங்கிலியால் பிணைக்கப்பட்டே நிகழ்கின்றன என்று உறுதியாகக் கொண்டவர். அவர்முன் வைக்கப்பட்ட எதிர்வாதம் சோம்பல் வாதம் என்று பெயர் பெற்றது: நோய் தீரும் என்பது விதியானால் மருத்துவரை அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் தீரும், தீராது என்பது விதியானால் அழைத்தும் பயனில்லை, ஆகவே அழைப்பது வீண். இதற்குக் கிரிசிப்பஸ் தந்த விடையை உரோமானிய அறிஞர் சிசரோ ஊழைப் பற்றிய தம் நூலில் பதிவுசெய்துள்ளார். சில நிகழ்வுகள் தனித்து விதிக்கப்படுவதில்லை, அவற்றுக்கான வழிகளும் உடன் விதிக்கப்படுகின்றன என்பதே அவ்விடை. நோயாளி பிழைப்பது விதியென்றால் அவர் மருத்துவரை அழைப்பதும் அவ்விதியின் ஒரு பகுதியே. ஒருவர் சாலையில் விழுந்தும் உயிர் தப்புவார் என்று தலையில் எழுதப்பட்டிருக்குமாயின், அன்று காலை அவர் கவசத்தை அணிந்து தாடைப்பட்டையை மாட்டினார் என்பதும் அதே எழுத்தின் முந்தைய வரியாக இருக்கும். அந்த வரியைத் தம் கையால் அடித்துவிட்டு அடுத்த வரியை மட்டும் எதிர்பார்ப்பது பொருந்தாது.

சைவ சித்தாந்தம் இதே முடிவுக்கு வேறொரு வழியாக வருகிறது. அது வினையை மூன்றாகப் பகுக்கிறது: பல பிறவிகளில் ஈட்டிக் குவிந்திருப்பது சஞ்சிதம், அதிலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்கென வந்தது பிராரத்தம், நுகரும்போது புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம். சாலையில் நேரும் மோதல் பிராரத்தம் என்றே கொண்டாலும், வெறுந்தலையோடு வண்டியை எடுப்பது இன்று புரியும் செயல்; அது ஆகாமியக் கணக்கிலேயே சேரும். மேலும் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கை, அதாவது உடல், மனம் முதலிய கருவிகள், உலகம், நுகர்பொருள் ஆகியவற்றை, உயிர் தன் மலம் நீங்கித் தெளிவதற்காக இறைவன் வழங்கினான் என்பது சித்தாந்தம். வழங்கப்பட்ட பொருள் அடைக்கலப் பொருள். உடலை இகழ்ந்திருந்த நிலையிலிருந்து அதனுள் இறைவன் உறைவதைக் கண்டு அதைப் பேணும் நிலைக்கு வந்ததைத் திருமூலர் கூறுவதும் இங்கே எண்ணத்தக்கது. பிற சமயங்களிலும் இதே கருத்தைக் காணலாம்: கோவில் உச்சியிலிருந்து குதித்துக் கடவுளின் காவலைச் சோதித்துப் பார்க்குமாறு சாத்தான் தூண்டியபோது இயேசு மறுத்ததாக நற்செய்தி நூல் கூறுகிறது. ஒட்டகத்தைக் கட்டாமல் இறைவன்மேல் பொறுப்பை விடலாமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டு, பின் நம்பு என்ற கருத்தை நபிகள் கூறியதாக இசுலாமிய மரபு உரைக்கிறது. நம்பிக்கையையும் கவனத்தையும் பகையாக்கும் சமயம் காண்பதற்கு அரிது.

விதி என்று ஓயாமல் காரணத்தைத் தேடியவர்களால்தான் தலைக்கவசம் வளர்ந்தது. 1935 மே மாதத்தில் இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, ஆறு நாள்கள் நினைவின்றிக் கிடந்து இறந்த எழுத்தாளர் டி. இ. லாரன்சைக் கவனித்த மருத்துவர்களுள் மூளை அறுவை வல்லுநர் ஹியூ கெய்ர்ன்சும் ஒருவர். அவர் பின்னாளில் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, கவசத்தின் பயனை வலியுறுத்தும் கட்டுரையை 1941இல் வெளியிட்டார். தலைக்கவசம் இறப்பு வாய்ப்பை ஏறத்தாழ 42 விழுக்காடும் தலைக்காய வாய்ப்பை 69 விழுக்காடும் குறைக்கிறது என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட காக்ரேன் ஆய்வுரை 2008இல் கணித்தது. இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் தலைக்கவசம் அணியாமல் சாலையில் இறந்தோர் 50,029 பேர் என்றும், அவர்களுள் 14,337 பேர் பின்னிருக்கையில் இருந்தவர்கள் என்றும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. இத்தனை பேரின் தலையிலும் ஒரே வரி எழுதப்பட்டிருந்தது என்று சொல்வதற்கு மனம் ஒப்பவில்லை.

அணிவது கடமை என்று ஏற்றபின் எழும் அடுத்த வினா, எத்தகைய அணிதல் அக்கடமையை நிறைவேற்றும் என்பது. அபராதத்துக்கு அஞ்சிச் சாலையோரக் குவியலில் மிக மலிவான ஒன்றை எடுத்து, பட்டையை மாட்டாமல் தலையில் கவிழ்த்துக்கொள்வது காவலரின் கண்ணுக்குச் செய்யும் சடங்கு மட்டுமே. ஏன் அது பயன்படாது என்பதைக் கவசத்தின் உட்புறம் சொல்கிறது. வெளியே தெரியும் ஓடு கூர்மையான பொருள் ஊடுருவாமல் தடுத்து, மோதலின் விசையைப் பரப்புகிறது. உயிரைக் காப்பதில் பெரும்பங்கு அதற்குள்ளே இருக்கும், மக்கள் தெர்மாகோல் என்று அழைக்கும் பாலிஸ்டைரின் நுரைக்கு உரியது. அந்நுரை நசுங்குகிறது, நசுங்குவதற்கு ஆகும் நொடிப்பொழுதில் தலையின் வேகம் சற்றே மெல்லக் குறைய, மூளை மண்டையோட்டின் உட்சுவரில் மோதும் விசை தணிகிறது. ஒருமுறை நசுங்கிய நுரை மீண்டும் எழாது. ஆகவே கடுமையான மோதலுக்கு உள்ளான கவசம் வெளியே கீறலின்றி விளங்கினாலும் அதன் பணி முடிந்துவிட்டது. அதைக் கழித்துவிட்டுப் புதியது வாங்க வேண்டும்.

தேர்வு செய்வதும் இதே பொறுமையைக் கேட்கிறது. புருவத்துக்குச் சுமார் ஓர் அங்குலம் மேலே, தலையின் பின்புறம் புடைத்திருக்கும் பகுதியைச் சுற்றி நாடாவால் அளந்து, அந்த அளவுக்குரிய கவசத்தை அணிந்து பார்க்க வேண்டும். தலையை இடமும் வலமும் அசைக்கும்போது கன்னத் தோலும் நெற்றித் தோலும் கவசத்தோடு சேர்ந்தே நகர வேண்டும். கவசம் தனியே சுழலுமானால் அது பெரிது. பட்டையை மாட்டியபின், பின்விளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தள்ளினால் அது தலையைவிட்டுக் கழலக் கூடாது. கடையிலேயே பத்து நிமிடம் அணிந்திருந்து கழற்றும்போது நெற்றியில் ஓரிடத்தில் மட்டும் சிவந்த தழும்பு பதிந்திருந்தால், அளவு சரியாக இருந்தும் வடிவம் அத்தலைக்கு ஒவ்வவில்லை என்று பொருள். 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெறாத இருசக்கர வாகனத் தலைக்கவசங்களை விற்பதற்குத் தடை உள்ளது; முத்திரையைப் பார்ப்பது தொடக்கம், அளவைப் பார்ப்பது அதன் நிறைவு.

வசதியை நாடுவது தளர்ச்சி என்று எண்ணுவோர்க்கு, சோணர் என்னும் துறவிக்குப் புத்தர் உரைத்த அறிவுரை பொருந்தும். பாதத்தில் குருதி வழியுமளவும் நடந்து தவம் செய்த சோணர், முன்பு வீணை வாசித்தவர். நரம்பு மிக முறுகினாலும் மிகத் தளர்ந்தாலும் இசை பிறவாது என்பதை அவருக்கே நினைவூட்டினார் புத்தர். சித்திரை வெயிலில் காற்றுத் துளையில்லாத, நெற்றியை அழுத்தும் கவசம் சில நாள்களில் கைப்பிடியிலோ கண்ணாடியிலோ முழங்கையிலோ தொங்கத் தொடங்கிவிடும். தொங்கும் கவசம் எவரையும் காக்காது. கழற்றித் துவைக்கத்தக்க உள்துணியும் காற்றோட்டமும் இந்நாட்டில் ஆடம்பரம் அல்ல. அவை காவலின் பகுதி.

இவ்வாதம் அனைத்தையும் கடந்து நிற்கும் ஒரு நிலையும் உண்டு. வெட்டாத முடியும் அதன்மேல் தலைப்பாகையும் சீக்கியர்களுக்கு நோன்பு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு தலைப்பாகை அணிந்த சீக்கியர்க்கு விலக்களிக்கிறது. பிரிட்டனும் 1973இல் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கி, 1976இல் அவர்களுக்கு விலக்களித்தது. இந்த விலக்கு நியாயமானதே. இடரை அறிந்து, தம் நெறிக்காக அதை ஏற்கும் ஒருவரின் உறுதியும், சோம்பலுக்குத் தலையெழுத்து என்று பெயர் சூட்டுபவரின் அலட்சியமும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல. முன்னவருக்குரிய விலக்கைப் பின்னவர் கடன்வாங்க முடியாது.

சென்னை சென்ட்ரல் நிலையத்துக்கு அருகே பல்லவன் சாலையில் உள்ள பாடிகாட் முனீஸ்வரர் கோவிலில் புதிய வண்டிகள் சந்தனமும் குங்குமமும் மாலையும் ஏற்று, சக்கரத்தின்கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கப்பட்டபின் சாலைக்குப் புறப்படுகின்றன. அந்தப் பூசையும் ஆயுத பூசையும் காவலை வேண்டிச் செய்யப்படுபவை. வண்டியை அங்கே நிறுத்தும் குடும்பத்தினர் தலைக்கவசத்தையும் வண்டியோடு சேர்த்துத் தெய்வத்தின்முன் வைக்க வேண்டும். ஓட்டுபவருக்கு ஒன்று, பின்னிருப்பவருக்கு ஒன்று, குழந்தை இருந்தால் அதன் தலைக்கு அளந்து வாங்கிய இன்னொன்று.