மூத்தவருக்குப் பட்ட கடன்

நெடுங்காலம் உழைத்துத் தந்த ஒருவரை, தன்னைப் புதிதாகக் கட்டியெழுப்ப முனையும் ஒரு கழகம் தொடர்ந்து வைத்துக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளதா? கனடாவின் கால்கரி நகரில் எழுந்த இக்கேள்வியைச் சற்று எண்ணிப் பார்ப்போம். விளையாட்டுச் செய்திதானே என்று அன்பர்கள் ஒதுக்கிவிட வேண்டாம்.

பனித்தரையில் ஆடப்பெறும் ஹாக்கியில், கால்கரி ஃபிளேம்ஸ் அணிக்காக ஜரோம் இகின்லா 1219 ஆட்டங்களில் 525 கோல்கள் அடித்தவர். 2003 முதல் அணித்தலைவர். 2004இல் ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றின் ஏழாம் ஆட்டம் வரை அணியை இட்டுச் சென்றும் கோப்பை கைநழுவியது. 2010, 2011, 2012 ஆகிய மூன்றாண்டுகளிலும் கோப்பைச் சுற்றுகளுக்கே அணி தகுதி பெறவில்லை. 2013 கோடையில் அவரது ஒப்பந்தம் முடியவிருந்தது. வயதோ 36ஐ நெருங்கியிருந்தது.

கணக்குப் பார்ப்போரின் வாதம் வலிமையானது. அந்த லீகில் 2005 முதல் ஒவ்வோர் அணியின் மொத்த ஊதியத்துக்கும் உச்சவரம்பு உண்டு. மூத்தவருக்கு அளிப்பது இளையவருக்கு இல்லாமற் போகும். அன்றியும், தோற்றுப் பின்தங்கும் அணிக்கே சிறந்த இளைஞரை முதலில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு மிகுதி. நன்றாக ஆடும் மூத்தவரே அணியின் எதிர்காலத்துக்கு இடையூறாம்! இவ்விந்தை நமக்கு உவப்பாயில்லை. எனினும் விதி அதுவே.

மறுபுறம் நிற்பது நன்றியுணர்வு. கேட்டுப் பெறத்தக்க சட்டக்கடன் வேறு, நன்மை செய்தவருக்கு மனமுவந்து செலுத்தும் நன்றிக்கடன் வேறு என்று புனித தாமஸ் அக்குவினாஸ் பிரித்துக் காட்டுகிறார். நன்றியைச் செலுத்தவே ஒப்பந்தம் எழுதினால், இரண்டும் குழம்பிவிடும். பயன் கருதாது, பழம்பெருமைக்காக மட்டும் ஒருவரை அமர்த்தி வைப்பது அவரை அலங்காரப் பொருளாக்குவதாகும், மாண்பு ஆகாது. இளையோரைப் பயிற்றும் மூத்தவராக அவரைக் கொள்வதானால், அதை வெளிப்படையாகச் சொல்லி, உரிய ஊதியம் தந்து அழைக்கலாம். அது நேர்மையான ஏற்பாடு.

ஆகவே மீண்டும் ஒப்பந்தம் செய்வது கடமையன்று என்றே கருதுகிறோம். காலத்தோடு உண்மையைச் சொல்வதே கடமை. கால்கரி தவறியது இங்கேதான். வெல்லவும் இயலாமல், புதிதாய்க் கட்டவும் துணியாமல் அணி ஆண்டுகளைக் கடத்தியது. ஆட்டக்காரருக்கு ஆண்டு என்பது மீளாத செல்வம். நகரமே அவரை நேசித்தது என்பது தாமதத்துக்குக் காரணமாகலாம், நியாயமாகாது.

அவரது இசைவின்றி அவரை மாற்ற இயலாதென ஒப்பந்தம் கூறியதால், 2013 மார்ச்சில் அவர் விரும்பிய பிட்ஸ்பர்க் அணிக்கே அனுப்பினர். அவ்வணியோ அரையிறுதியில் பாஸ்டனிடம் ஓர் ஆட்டமும் வெல்லாமல் வீழ்ந்தது. மாற்றாகப் பெற்ற இரு இளைஞரும், ஒரு முதற்சுற்றுத் தேர்வும் கால்கரியில் நிலைத்த பயன் தரவில்லை. அடுத்த பருவத்தில் அதே பாஸ்டனுக்காக இகின்லா 30 கோல்கள் அடித்தார்! அவரை அனுப்பியது பிழை என்பதற்கு இது சான்றாகாது. திறமை குன்றியதென்று எவரும் அவரை அனுப்பவில்லையே.

கோப்பையை ஒருமுறையும் ஏந்தாமலே 2018இல் அவர் ஓய்வு பெற்றார். 2019 மார்ச் 2 அன்று அவரது 12ஆம் எண்ணைக் கால்கரி அரங்கின் கூரையில் ஏற்றினர். அங்கு இனி வேறெவரும் அவ்வெண்ணை அணிவதில்லை.